நூற்று நான்கு சதவீதம்

நாகலூர் எடைமேடையில்
பதினோரு வருடம் எழுதினேன்.
நான் எழுதியதுதான் எடை.
தராசு சும்மா, சாட்சிக்கு.

அந்தப் பங்குனியில் பூமழை தவறியது.
பூக்காத செடிக்கு என்ன தண்டனை என்று
திட்டக் கையேட்டில் இல்லை.
ஆகவே பூத்ததாக வைத்துக்கொண்டார்கள்.
தலைக்கு, நாளுக்கு, நாற்பது கிலோ பழம்.
குறைந்தால் அட்டையில் அரிசி வெட்டு.
இரண்டாம் முறை குறைந்தால்
பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.
மூன்றாம் முறைக்கு என்ன என்று தெரியவில்லை,
மூன்றாம் முறை ஆனவர்கள் யாரும்
கேட்பதற்கு ஊரில் இல்லை.

குழந்தையம்மாளின் சாக்கைத் தூக்கியபோது
அடியில் ஏதோ கடகடத்தது.
நிமிர்ந்தேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடியில்
சரம் எண்ணுகிறவள் போல நின்றாள்.
(மிளகை ஏற்கெனவே எண்ணியிருந்தார்கள்.
கோழியை எண்ணிக் காலில் தகரம் மாட்டியிருந்தார்கள்.
பலாமரத்துக்கு நம்பர்.
கல்யாணத்துக்கு மனுப் போட்ட என் தங்கைக்கு
அடுத்த ஐந்தாண்டில் பரிசீலிக்கப்படும் என்று
அச்சடித்த பதில். பெயர் மட்டும் கையெழுத்தில்.)

நாற்பது என்று எழுதினேன்.
பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது.

அப்புறம் எல்லாச் சாக்கும் கடகடத்தது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும்
லாரி முனகி முனகி இறங்கும்.
பிரேக்கை மிதிக்கிறபோதே
சரக்கு இன்னதென்று சின்னாண்டிக்குத் தெரிந்துவிடும்.
"இந்த வருசம் நல்ல வெளைச்சல்" என்று
ரசீதில் கையெழுத்துப் போடுவான்.
லீ பஜார் கிடங்கில் தனபாக்கியம்
சாக்கைப் பிரிக்காமல் முத்திரை குத்துவாள்.
பிரித்தால் அவள் கணக்கில் குறையும்.
அவளுக்கும் ஒரு பையன் ஆறாம் வகுப்பில்.
இப்படித்தான் மலை
கொஞ்சம் கொஞ்சமாகச் சேலத்துக்குக் குடிபோனது.

தை மாதம் ஐந்து ரோட்டில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள்:
சேர்வராயன் மலை, நூற்று நான்கு சதவீதம்.
எங்களுக்குப் பித்தளைப் பதக்கம்.
அதையும் எடை போட்டேன், பழக்கதோஷம்.
பன்னிரண்டு கிராம்.
விழாவில் சொன்னது இருபது.

மாசியில் ரேஷன் காப்பித்தூள் வந்தது.
புளியங்கொட்டை வாசனை.
பல்லில் நறநறவென்று ஏதோ.
குழந்தையம்மாள் உள்ளங்கையில் துப்பினாள்,
விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.
"நம்ம ஓடைக் கல்லுதான்" என்றாள்,
ஓடிப்போன பிள்ளை வாசலில் வந்து நின்றதைப் போல.
எனக்குச் சிரிப்பு முட்டியது.
பின்னால் மேற்பார்வையாளர் அருள்சகாயம்.
தம்ளரை வாங்கினார். ஒரு மடக்கு. மென்றார்.
"நல்லாத்தான் இருக்கு."
கண்ணில் நீர் கட்டியிருந்தது.
சூடு, என்றார்.

சித்திரையில் சுற்றறிக்கை:
ஓடைகளில் கற்கள் குறைந்து வருவதாகத் தெரிகிறது.
கல் அரசு உடைமை.
இனிக் கல்லுக்கும் தலைக்கு நாற்பது கிலோ,
தனிச் சாக்கில், தனிப் பேரேட்டில்.
யாரோ ஒருவர் எங்கோ
எங்கள் கல்லைக் கண்டுபிடித்திருக்கிறார்.
கண்டுபிடித்து, அதற்கு ஒரு இலக்கு வைத்திருக்கிறார்.

இந்த வருடமோ பூமழை கொட்டித் தீர்த்தது.
கிளை ஒடியப் பழம்.
கார்த்திகை மழையில் ஓடையும் கரைபுரண்டது,
கல் பொறுக்க இறங்கியவர்களை
இடுப்பில் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது.

நேற்று குழந்தையம்மாள் கல்சாக்கைக் கொண்டுவந்தாள்.
தூக்கினேன்.
சத்தமில்லை.
மெத்தென்று தோளில் சாய்ந்தது.
தையல் விட்ட மூலையில்
சிவப்பாக ஒன்று எட்டிப் பார்த்தது.
அவள் மிளகுக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேரேட்டைப் புரட்டினேன்.
கல், நாற்பது என்று எழுதினேன்.